ஷிராஸ் ஒயின் ஏன் துவர்க்கிறது, மிளகுக் கறியோடு மட்டும் ஏன் ஒட்டிக்கொள்கிறது?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாதங்களில் கம்பம் பள்ளத்தாக்கின் கருப்புத் திராட்சை குமுளி மலைப்பாதை ஏறிக் கேரளத்துக்குப் போகும். அங்கே வீட்டு ஒயினுக்கு அதுதான் சரக்கு. குமுளி, வண்டிப்பெரியாறு, பீர்மேடு பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒயின் என்றாலே பரணி என்ற பீங்கான் ஜாடியில் ஊறிய அந்த இனிப்புப் பானம்தான் நினைவுக்கு வரும்.

அந்த நினைப்போடு கடையில் ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் பாட்டில் ஒன்றை வாங்கித் திறப்பவருக்கு முதல் வாயிலேயே ஏமாற்றம். இனிப்பே இல்லை, நாக்கு இழுக்கிறது. கெட்டுப்போன சரக்கோ என்ற சந்தேகம் வருகிறது. சரி, வீணாக்க வேண்டாம் என்று மிச்சத்தை மாட்டுக்கறியில் ஊற்றினால், கறி கறுத்துப்போய்க் கசக்கிறது. பாட்டிலில் ஒரு குறையும் இல்லை. பரணி ஒயினும் ஷிராஸும் பெயரளவில்தான் உறவு. ஷிராஸைச் சாராயமாக நினைக்காமல், புளி மாதிரி ஒரு சமையல் பொருளாக நினைத்தால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

பரணியில் இருப்பதும் பாட்டிலில் இருப்பதும்

கம்பத்துத் திராட்சை பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் வகைப்பெயர். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியாக இறங்கிப் பாயும் நிலத்தில் விளைகிறது. மஸ்கட் வகைத் திராட்சைகளில் லினலூல், ஜெரானியால் போன்ற மணப்பொருட்கள் நிறைய உண்டு. ஜெரானியால் ரோஜாவிலும் இருப்பது. பன்னீர் என்று பெயர் வைத்தவரின் மூக்கு நல்ல மூக்கு.

ஆனால் இது தின்பதற்கான திராட்சை. ஒயினாகும் அளவுக்கு இனிப்பு ஏற, பரணியில் சர்க்கரையைத் தாராளமாகக் கொட்டுகிறார்கள். ஈஸ்ட் அதில் ஒரு பகுதியைத் தின்று ஆல்கஹாலாக்குகிறது. மிச்சச் சர்க்கரை அப்படியே நிற்கிறது. அந்த இனிப்பு எல்லாக் குறையையும் மூடிவிடும்.

ஷிராஸ் ஒயினுக்கென்றே வளர்க்கும் வகை. காய் சிறியது, தோல் கருத்தது. சிறிய காயில் சாற்றுக்குத் தோலின் பங்கு அதிகம். திராட்சையின் சதைக்கு நிறம் கிடையாது. நிறம், துவர்ப்பு, மணத்தில் பெரும்பங்கு எல்லாம் தோலிலும் விதையிலும் இருந்து வருபவை. தோலோடும் விதையோடும் சேர்த்தே சாற்றை நொதிக்க விடுவார்கள். செடியிலேயே நன்றாகப் பழுத்த காய் என்பதால் வெளிச்சர்க்கரை தேவையில்லை. இருக்கிற சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் ஆல்கஹாலாகிவிடும். அதனால்தான் பாட்டிலில் 13 முதல் 14.5 சதவீதம் வரை ஆல்கஹால், இனிப்போ பேருக்கு.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஈரானில் ஷிராஸ் என்று ஒரு நகரம் இருப்பதால் இந்தத் திராட்சை பாரசீகத்திலிருந்து வந்தது என்று நெடுநாள் கதை உண்டு. 1990களின் கடைசியில் செய்த மரபணுச் சோதனை அதை முடித்துவைத்தது. பிரான்சின் தென்கிழக்கைச் சேர்ந்த துரேசா, மொந்தூஸ் பிளான்ஷ் என்ற இரண்டு வகைகளுக்குப் பிறந்த பிள்ளை இது. பிரான்சில் சிரா என்பார்கள். 1830களில் ஜேம்ஸ் பஸ்பி என்பவர் கொண்டுபோன கொடிகளோடு ஆஸ்திரேலியாவில் வேரூன்றி ஷிராஸ் ஆனது. இந்தியாவில் நாசிக் பக்கமும், பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அடிவாரத்திலும் விளைகிறது. கம்பத்துத் தோட்டங்களில் தொங்கும் பன்னீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

துவர்ப்பு: நம் அடுப்படிக்குப் பழைய ஆள்

ஷிராஸ் நாக்கை இழுப்பதற்குக் காரணம் டானின் என்ற பொருள். வாயில் எச்சிலின் புரதத்தோடு டானின் ஒட்டிக்கொள்ளும். எச்சிலின் வழவழப்பு போய்விடும். நாக்கும் கன்னமும் உலர்ந்து உரசுவது போன்ற உணர்வு வரும். அறுசுவையில் இதற்கு நமக்குத் தனிப் பெயரே உண்டு: துவர்ப்பு. பாக்கு, நாவல் பழம், கடுக்காய், வாழைப்பூ, நேரம் கடந்து கொதித்த கட்டன் சாயா (பாலில்லாத தேநீர்) எல்லாமே இதே குடும்பம்.

இந்தத் துவர்ப்பை வழிக்குக் கொண்டுவரும் வித்தையும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

1. கட்டன் சாயாவில் பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்குகிறது. பாலின் புரதம் டானினைப் பிடித்துக்கொள்வதால், எச்சிலைத் தேடிப் போக அதற்கு மிச்சமில்லை.

2. வாழைப்பூவை மோரில் போட்டு வைக்கிறோம், பருப்பு சேர்த்து உசிலியாக்குகிறோம். மோரின் புளிப்பு கறுப்பைத் தடுக்கும். பருப்பின் புரதம் துவர்ப்பை இழுத்துக்கொள்ளும்.

3. அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் கறுப்பு மை காய்ச்சினார்கள். அன்னபேதி என்பது இரும்பு உப்பு. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை.

ஷிராஸின் நடத்தை முழுவதும் இந்த மூன்றுக்குள் அடங்கும். கொழுப்பும் புரதமும் உள்ள கறியோடு குடித்தால் மெத்தென்று இறங்குகிறது, வெறும் வயிற்றில் குடித்தால் முரண்டு பிடிக்கிறது. இரும்புச் சட்டியில் கொதித்தால் கறுக்கிறது.

மிளகு, கோரைக்கிழங்கு, ஷிராஸ்

ஷிராஸ் பாட்டில்களின் பின்பக்கம் "மிளகு வாசனை" என்று எழுதியிருக்கும். விற்பவர் அளக்கும் கதை என்று தள்ளிவிடத் தோன்றும். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொல்வது வேதியியல் உண்மை.

அந்த வாசனை எந்தப் பொருளால் வருகிறது என்று நெடுநாள் யாருக்கும் பிடிபடவில்லை. 2008இல் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். பெயர் ரோட்டன்டோன். கருமிளகுக்கு அதன் தனி மணத்தைக் கொடுப்பதும் அதே பொருள்தான். மிளகின் காரத்துக்குப் பொறுப்பு பைப்பரின், மணத்துக்குப் பொறுப்பு ரோட்டன்டோன். காரம் இல்லாமல் மணம் மட்டும் ஒயினில் வருவது இதனால்தான்.

பெயர் வந்த வழி இன்னும் வேடிக்கை. கோரைக்கிழங்கின் தாவரவியல் பெயர் சைப்பரஸ் ரொட்டுண்டஸ். அந்தக் கிழங்கிலிருந்துதான் இந்தப் பொருள் முன்பே அறியப்பட்டிருந்தது. பெயரும் அங்கிருந்தே வந்தது. நலங்கு மாவில் அரைத்துப் போடும் அதே கோரைக்கிழங்கு. இடுக்கி மலையின் மிளகுக் கொடி, வயல் வரப்புக் கோரை, பிரெஞ்சுத் திராட்சை, மூன்றுக்கும் பொதுவாக ஒரு மூலக்கூறு.

அளவைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். சிவப்பு ஒயினில் லிட்டருக்கு வெறும் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. மிளகில் ஒயினைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிகம். இன்னொன்று: அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, சோதித்ததிலேயே அதிக அளவிலும் இந்த வாசனை தெரியவே இல்லை. வீட்டில் ஒருவர் "மிளகு மணக்குது" என்றும் இன்னொருவர் "எனக்கு ஒன்னும் தெரியலையே" என்றும் சொன்னால் இருவருமே பொய் சொல்லவில்லை.

குளிர்ந்த பகுதியில் விளைந்த ஷிராஸில் ரோட்டன்டோன் கூடுதலாகவும், வெயில் காயும் பகுதிகளில் குறைவாகவும் இருக்கும். வெயில் ஊரின் ஷிராஸில் மிளகுக்குப் பதில் பழுத்த நாவல், உலர்ந்த பழம் போன்ற சுவை மேலோங்கும்.

மிளகோடு உறவு, மிளகாயோடு பகை

எல்லைப்புறத்தில் இரண்டு காரம் ஆள்கிறது. மலையில் மிளகு, கீழே பள்ளத்தாக்கில் மிளகாய். ஷிராஸ் முதலாவதோடு சேரும். இரண்டாவதோடு சேராது.

மிளகாயின் கேப்சைசின் வாயில் உள்ள சூட்டை உணரும் நரம்பு வாங்கிகளைத் தூண்டுகிறது. சுடாமலே சுடுவது போல் இருப்பது அதனால்தான். ஆல்கஹாலும் அதே வாங்கிகளைத்தான் தொடுகிறது. சாதாரணமாக 42 டிகிரி செல்சியஸ் வாக்கில் விழித்துக்கொள்ளும் வாங்கி, ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே விழித்துக்கொள்வதாக 2002இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உடம்புச் சூடே 37. ஆக, மிளகாய் அள்ளிப்போட்ட கறியோடு 14 சதவீத ஒயினைக் குடிப்பது தீயை எண்ணெய் ஊற்றி அணைக்கும் கதைதான். துவர்ப்பும் அப்போது கூடுதலாக உறைக்கும். மிளகின் பைப்பரினும் அந்த வாங்கியைத் தொடத்தான் செய்கிறது, ஆனால் கேப்சைசின் அளவுக்கு இல்லை.

மீனும் ஆகாது. சிவப்பு ஒயினில் இருக்கும் துளி இரும்பு மீனின் எண்ணெயோடு சேர்ந்து கவிச்சி வாடையைக் கிளப்பும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டியிருக்கிறார்கள். குடம்புளி போட்ட மீன்கறிக்கு ஷிராஸ் தேவையே இல்லை. அந்தக் கறி தன்னளவில் முழுமையானது.

சட்டியில் தவறுவது எங்கே

கறி கசந்து கறுத்தது என்ற புகாருக்குப் பெரும்பாலும் கீழே உள்ளவற்றில் ஒன்றோ இரண்டோதான் காரணம்.

1. பாத்திரம். இரும்புக் கடாயில் ஒயினைக் கொதிக்க வைத்தால் கடுக்காய் மைக் கதை நடக்கும். அலுமினியமும் புளிப்புக்கு ஆகாது. மண்சட்டி அல்லது எவர்சில்வர் போதும். புளிக்குழம்புக்கு எந்தப் பாத்திரமோ அதுவே இதற்கும்.

2. புளிப்பின் மேல் புளிப்பு. ஒயினே நல்ல புளிப்பு. அதோடு தக்காளி நான்கு, வினிகர் ஒரு மூடி, தயிர் ஒரு கரண்டி என்று சேர்த்தால் கறி தாங்காது. ஒயின் ஊற்றினால் புளிக்கு விடுமுறை.

3. அளவு மீறிய வற்றல். கொதிக்கக் கொதிக்க ஆல்கஹாலும் தண்ணீரும் போகும், டானின் போகாது. ஒரு பாட்டிலை ஒரு கிலோ கறியில் ஊற்றிச் சுண்டவிட்டால் கிடைப்பது கஷாயம்.

4. கடைசியில் ஊற்றுவது. இறக்கும்போது ஊற்றிய ஒயின் பச்சை வாடை அடிக்கும். மசாலாவின் பச்சை வாசனை போக வதக்குகிறோமே, ஒயினுக்கும் அதுவேதான்.

5. தேங்காய்ப்பால். ஒயினின் சிவப்பு நிறம் புளிப்பு இருக்கும்வரைதான் சிவப்பு. புளிப்பு குறைந்தால் ஊதாவும் சாம்பலுமாக மாறும். தேங்காய்ப்பாலில் ஒயினைக் கலந்தால் பால் திரியவும் செய்யும், பார்க்கவும் சகிக்காது. தேங்காய் வேண்டுமென்றால் கொத்தாக நறுக்கிப் போடலாம்.

6. கொழுப்பில்லாத கறி. துவர்ப்புக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். எலும்பும் கொழுப்பும் உள்ள துண்டுகளே நல்லது. தோலுரித்த கோழியின் நெஞ்சுக்கறியில் ஊற்றுவது வீண்செலவு.

ஒரு கிலோ கறிக்கு ஒரு கணக்கு

எலும்போடு 1 கிலோ மாட்டுக்கறி அல்லது ஆட்டுக்கறி. ஷிராஸ் 250 மில்லி, அதாவது 750 மில்லி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. சின்ன வெங்காயம் கால் கிலோ, பூண்டு, இஞ்சி, மல்லித்தூள் 2 மேசைக்கரண்டி, சோம்பு, பட்டை, கிராம்பு, தேங்காய்க் கொத்து ஒரு கைப்பிடி, கறிவேப்பிலை, தேங்காய் எண்ணெய். மிளகு 2 மேசைக்கரண்டி, இடித்தது, இரண்டு பங்காகப் பிரித்து. மிளகாய்த்தூள் வேண்டாம். நிறத்துக்கு ஆசைப்பட்டால் காரமில்லாத காஷ்மீரி மிளகாய்த்தூள் அரைக் கரண்டி.

1. கறியின் ஈரத்தைத் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எண்ணெயில் சிவக்க விட்டு எடுத்து வைக்கவும். மொத்தமாகப் போட்டால் தண்ணீர் விட்டு வேகும், சிவக்காது.

2. அதே சட்டியில் வெங்காயத்தைப் பொன்னிறம் தாண்டிப் பழுப்பாகும் வரை வதக்கவும். இங்கே அவசரம் கூடாது. துவர்ப்புக்கு எதிராக நிற்கும் இனிப்பு இந்த வெங்காயத்திலிருந்துதான் வரவேண்டும்.

3. இஞ்சி, பூண்டு, மல்லித்தூள், சோம்பு, பட்டை, கிராம்பு, மிளகில் ஒரு பங்கு சேர்த்துப் புரட்டி, ஒயினை ஊற்றவும். அடியில் பிடித்திருப்பதைச் சுரண்டிவிடவும். மூடாமல், பாதியாகும் வரை கொதிக்கட்டும். சுமார் 10 நிமிடம். மூக்கில் ஏறும் சுருக்கென்ற நெடி அடங்கினால் சரி.

4. கறியைச் சேர்த்து, மூழ்கும் அளவு வெந்நீரும் அளவாக உப்பும் போட்டு, மூடி, சிறுதீயில் வேகவிடவும். மாட்டுக்கறிக்கு ஏறக்குறைய 2 மணி நேரம். குக்கர்தான் வசதி என்றால் தாராளமாக. ஆனால் மூன்றாவது படியைத் திறந்த பாத்திரத்தில் முடித்துவிட்டே குக்கரை மூடவேண்டும். மூடியபின் ஆவி வெளியேற வழி குறைவு, நெடி உள்ளேயே தங்கிவிடும்.

5. வெந்தபின் தேங்காய்க் கொத்தும் கறிவேப்பிலையும் தாளித்துப் போட்டு, மிளகின் மறுபங்கைத் தூவிச் சுருள இறக்கவும். முதலில் போட்ட மிளகு காரம் தந்துவிட்டு மணத்தைப் பெருமளவு இழந்திருக்கும். கடைசியில் தூவுவதுதான் கிண்ணத்தில் இருக்கும் ஷிராஸைக் கைகொடுத்து வரவேற்கும் மணம்.

இன்னும் துவர்த்தால் முதலில் உப்பைப் பாருங்கள். உப்பு குறைந்தால் கசப்பும் துவர்ப்பும் தூக்கலாகத் தெரியும். அதற்குப் பிறகும் அடங்காவிட்டால் கடலையளவு வெல்லம். கப்பக்கிழங்கோடு சாப்பிட்டால் அந்த வேலையும் மிச்சம். மாவுச்சத்து எல்லாவற்றையும் சமாதானப்படுத்திவிடும்.

ஆல்கஹால் முழுக்க ஆவியாகிவிடுமா?

ஆகாது. ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிப்பதால் தண்ணீருக்கு முன்பே மொத்தமும் ஓடிவிடும் என்று நம்புகிறோம். தண்ணீரோடு கலந்த ஆல்கஹால் அப்படித் தனியாகப் பிரிந்து ஓடுவதில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, கலந்து சிறுதீயில் வைத்தால் 15 நிமிடத்தில் 40 சதவீதம், ஒரு மணி நேரத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரத்தில் 10 சதவீதம், இரண்டரை மணி நேரம் கழித்தும் 5 சதவீதம் மிச்சமிருக்கும்.

நம் கணக்கில் 250 மில்லி ஒயினில் ஆல்கஹால் 35 மில்லி. இரண்டு மணி நேரத்துக்குப் பின் சட்டி முழுவதற்கும் 3.5 மில்லி. ஆறு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு அரை மில்லிக்குச் சற்று மேல். போதை ஏற இது போதாது. ஆனால் இங்கே கேள்வி போதையைப் பற்றியது மட்டும் இல்லை. மார்க்கத்துக்காக விலக்குபவர்கள், குடியை விட்டவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் என்று பந்தியில் யார் இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. "எல்லாம் ஆவியாகிடுச்சு" என்று சொல்லிப் பரிமாறுவது பொய்.

ஒயின் இல்லாமலும் கிட்டத்தட்ட அந்த இடத்துக்குப் போகலாம். பன்னீர் திராட்சையைத் தோலோடு கொதிக்கவைத்துப் பிழிந்த சாறு ஒரு டம்ளர், பால் சேர்க்காத அடர்த்தியான கட்டன் சாயா அரை டம்ளர், அரைக் கரண்டி புளிக்கரைசல். நிறம், துவர்ப்பு, புளிப்பு மூன்றும் வந்துவிடும். மூணாறு, பீர்மேடு தேயிலை அந்த வேலையைச் செய்யும். சொல்லப்போனால் பச்சைப்பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இதுவே மேல்.

சட்டப் பக்கம், சுருக்கமாக

வீட்டு ஒயின் பழக்கம் பழையது, ஆனால் சட்டம் அதற்குத் தலையாட்டவில்லை. உரிமமில்லாமல் வீட்டில் ஒயின் தயாரிப்பது மதுவுக்கான அப்காரி சட்டப்படி குற்றம் என்று கேரளக் கலால் துறை 2019 டிசம்பரில் எச்சரித்தது. பழங்களிலிருந்து ஒயின் செய்யும் சிறு ஆலைகளுக்கு 2022இல் விதிகள் வந்தன. அது உரிமம் எடுப்பவர்களுக்கானது, பரணிக்கானது இல்லை. வாங்குவதற்கான வயது கேரளத்தில் 23, தமிழ்நாட்டில் 21. ஒரு பக்கம் வாங்கியதை அனுமதியில்லாமல் மறுபக்கம் கொண்டுபோவதும் சிக்கல். குமுளிச் சோதனைச்சாவடியில் "கறிக்குத்தாங்க ஊத்த" என்ற விளக்கம் எடுபடாது.

மிச்சமிருக்கும் மூன்றில் இரண்டு பங்கு பாட்டில்

சிவப்பு ஒயினை அறைச்சூட்டில் குடிக்க வேண்டும் என்பது ஐரோப்பிய அறைகளை வைத்துச் சொன்னது. அதாவது 16 முதல் 18 டிகிரி. கம்பத்தில் மதியம் 33 டிகிரி இருக்கும்போது அறைச்சூட்டு ஷிராஸ் வெறும் ஆல்கஹால் நெடிதான். அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கலாம். டிசம்பர் மாத மூணாறில் பாட்டிலை மேசைமேல் வைத்தாலே போதும்.

திறந்த பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் நிற்கவைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். அதன்பிறகு காற்றுபட்டு மணம் மங்கி, வினிகர் பக்கம் சாயத் தொடங்கும். குடிக்கப் போவதில்லை என்றால் முதல் நாளே ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துவிடலாம். ஒரு கட்டி ஏறக்குறைய இரண்டு மேசைக்கரண்டி. அடுத்த ஆட்டுக்கறிக்கு எட்டுக் கட்டி எடுத்துப் போட்டால் கணக்கு சரியாக இருக்கும்.